உறவு கிடக்கட்டும், விலையைப் பேசு

படத்தை விற்கப் பார்க்காதே, உறவை வளர்த்துக்கொள், உறவு தானாகப் படத்தை விற்றுக்கொடுக்கும். ஓவியம் வரைகிற நம் பிள்ளைகளுக்கு இன்றைக்கு ஓதப்படுகிற மந்திரம் இது. குன்னூர்ப் பக்கம் நடக்கிற பயிலரங்குகளில் ஓதுகிறார்கள். தொண்டு நிறுவனத்துக்காரர்கள் ஓதுகிறார்கள். செல்போனைத் திறந்தால் அங்கேயும் ஓதுகிறார்கள். வாங்கினவர் பெயரையும் விலாசத்தையும் நோட்டில் எழுதி வை. அவர் பிள்ளைகளின் பெயரைத் தெரிந்துகொள். கல்யாண நாளுக்கு வாழ்த்து அனுப்பு. புதுப் படம் முடிந்தால் முதல் போட்டோ அவருக்கு. நீ வரைகிற இடத்துக்குக் கூப்பிட்டு ஒரு டீ கொடு. உன் கதையைச் சொல்லு, மனசு உருகுற மாதிரி சொல்லு. வாங்கினவர் தன் சிநேகிதரைக் கூட்டி வருவார், சிநேகிதர் தன் மச்சானைக் கூட்டி வருவார், நீ பிழைத்துக்கொள்வாய்.

நம் வீட்டு டீயை அவர் குடிப்பாரா என்று அந்தப் பயிலரங்குகளில் ஒருத்தரும் கேட்டதில்லை.

சொல்கிறவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்லவில்லை. வியாபாரக் கணக்காகப் பார்த்தால் அதில் உண்மை இருக்கிறது. ஓவியம் அரிசி பருப்பு மாதிரி தினம் விற்கிற பண்டம் அல்ல. ஒரு தடவை வாங்கினவர்தான் மறு தடவையும் வாங்குவார். நகரத்து கேலரியில் மாட்டினால் விலையில் பாதி வரைக்கும் கேலரிக்காரன் எடுத்துக்கொள்வான். வாங்கினது யார் என்பதைக்கூட வரைந்தவனிடம் சொல்லமாட்டான். அதைவிட நேரே ஆளைப் பார்த்து விற்பது மேல் என்று ஒரு ஓவியன் நினைப்பதில் தப்பே இல்லை. என் கேள்வி வேறு. இந்த உறவு யாருக்கும் யாருக்கும் இடையில்? இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுகிற உறவா, ஒருத்தர் உட்கார்ந்திருக்க ஒருத்தர் நின்றுகொண்டு பேசுகிற உறவா?

அருவங்காட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலை ரயில் வெலிங்டனைத் தாண்டி கேத்திக்குப் போகிற வழியில் நிற்கும் ஸ்டேசன். வெள்ளைக்காரன் பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் மருந்து செய்ய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்த கார்டைட் பாக்டரிதான் ஊர். அந்த பாக்டரியும் 2021 அக்டோபரிலிருந்து முனிசன்ஸ் இந்தியா என்ற கம்பெனிக்குக் கீழே போய்விட்டது. பாக்டரி வேலைக்குச் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள், 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து மூட்டை மாதிரி அனுப்பப்பட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இறக்கப்பட்டவர்கள், இவர்களில் பெரும்பகுதி நம் சனம். சுத்துப்பட்டில் படம் வாங்குகிறவர்கள் யார்? வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்கு ஒரு வருசப் படிப்புக்கு வந்துவிட்டு மாற்றலாகிப் போகிற ஆபீசர் குடும்பங்கள். ஓய்வுபெற்று குன்னூரில் பங்களா கட்டி உட்கார்ந்திருக்கும் பெரிய மனுசர்கள். எஸ்டேட் மானேஜர்கள், ரிசார்ட் நடத்துகிறவர்கள், மே மாசம் பூக்கண்காட்சிக்கு வருகிறவர்கள். பங்களா மேட்டில் இருக்கிறது, லயன் பள்ளத்தில் இருக்கிறது. படம் மேலே ஏறிப் போகிறது. அதைத் தூக்கிக்கொண்டு போகிறவளும் ஏறித்தான் போகவேண்டும். உறவு உறவு என்று பேசுகிற தோழர்கள் முதலில் இந்த மேட்டையும் பள்ளத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

எங்கள் பக்கத்து லயனில் ஒரு பொண்ணு. பிளஸ் டூ முடித்தவள், ஓவியக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பேர் வேண்டாம். பங்களா ஒன்றில் அவளுடைய படத்தை 4,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். கையில் காசைக் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், கப்பில் காப்பி கொடுத்தார்கள். லயனே சந்தோசப்பட்டது. பயிலரங்கில் சொன்னபடியே அவள் உறவை வளர்த்தாள். தீபாவளிக்கு வாழ்த்து, புதுப் படத்துக்குப் போட்டோ. பங்களா அம்மாவும் வளர்த்தார்கள். ‘நம்ம பொண்ணு’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டாவது படத்துக்கு 4,000 இரண்டு தவணையில் வந்தது. மூன்றாவது படத்துக்கு ஒரு சேலையும் ஸ்வீட் பாக்சும் வந்தது. நம்ம பொண்ணுகிட்ட போய் கணக்கு பாக்கறதா? நாலாவது மாதம் பங்களாவில் விருந்து. ‘சும்மா ஒத்தாசைக்கு சீக்கிரம் வந்துடும்மா’ என்றார்கள். போனாள். தட்டைக் கையில் ஏந்தி நின்றவளைக் காட்டி, வந்திருந்தவர்களிடம் ‘இவதான் எங்க ஆர்ட்டிஸ்ட்’ என்று அறிமுகம் செய்தார்கள். அந்த ‘எங்க’ என்ற சொல்லை நன்றாகக் கவனியுங்கள் தோழர்.

அதோடு போகவில்லை. அடுத்த படத்தில் அவள் தன் வீட்டு உள்பக்கத்தை வரைந்திருந்தாள். மண்ணெண்ணெய் ஸ்டவ், மூலையில் சுருட்டி வைத்த பாய், கொழுந்துக் கூடை, பாட்டியின் கம்பளிச் சட்டை, சுவரில் அம்பேத்கர் படம். பங்களா அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ‘அழகா இருக்கும்மா. அந்த ஒரு போட்டோ மட்டும் பாலிடிக்ஸ் மாதிரி தெரியுது. அந்த எடத்துல ஒரு பூச்சாடி போட்டுடேன்’ என்றார்கள். போட்டுக் கொடுத்துவிட்டாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்த மாதம் பாட்டிக்குக் கண் ஆபரேசன்.

அந்தம்மா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதவேண்டிய வேலையே எனக்கு இல்லை. திட்டியிருந்தால், விரட்டியிருந்தால் அவளும் திருப்பித் திட்டிவிட்டு வந்திருப்பாள், நம்ம வாய்க்கு என்ன குறைச்சல். அன்பாக இருந்ததால்தான் வாயைத் திறக்க முடியவில்லை. கடையில் விலை கேட்பது வியாபாரம், உறவில் விலை கேட்டால் நன்றிகெட்டத்தனம். ஆதிக்க சாதி வீட்டுக்குள் நமக்குக் கிடைக்கிற உறவு இப்படித்தான் வேலை செய்கிறது. நம் கையிலிருந்து முதலில் அது பிடுங்குவது விலை சொல்கிற வாயை. அப்புறம்தான் படத்தில் கை வைக்கும்.

உறவு என்ற சொல்லை நமக்கு யாரும் புதுசாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சமவெளி ஊர்களில் பறை அடித்தவனுக்கும் ஊருக்கும் இருந்தது என்ன? உறவுதானே! தலைமுறை தலைமுறையாக இன்ன வீட்டுச் சாவுக்கு இன்ன குடும்பம் அடிக்கவேண்டும் என்ற உறவு. இவன் பேர் தெரியும், இவன் அப்பன் பேர் தெரியும், இவன் பிள்ளை பேரும் ஊருக்குத் தெரியும். பயிலரங்கில் சொல்கிற அத்தனையும் அங்கே இருந்தது, விலையைத் தவிர. அடித்ததற்குக் கூலி என்று பேச்சு கிடையாது. களத்தில் நெல் தூற்றும்போது ஒதுங்கி நின்றால் அள்ளிப் போடுவார்கள். அதற்கு அவர்கள் வைத்த பேர் என்ன தெரியுமா? களச் சுதந்திரம். சுதந்திரம்! அடிமைப் படிக்கு அப்படி ஒரு பேர் வைக்கிற வக்கிரம் இந்த நாட்டில்தான் நடக்கும். சாவுக்குப் பறையடிக்கமாட்டோம் என்று நம் இளைஞர்கள் ஊர் ஊராக மறுத்தபோது ஊர்க்காரன் முதலில் சொன்னதும் இதைத்தான்: ‘இத்தனை தலைமுறை உறவை முறிக்கிறானுங்களே.’

இந்த மலையிலேயே வாழ்ந்து எழுதினவர் அயோத்திதாசப் பண்டிதர். 1891 டிசம்பர் 1ஆம் தேதி திராவிட மகாஜன சபையின் மாநாடு இந்த நீலகிரியில்தான் கூடியது. பண்டிதர் தமது ‘தமிழன்’ இதழில் ஒரு சேதியைப் பதிந்துவைத்திருக்கிறார். ஆரிங்டன் என்ற துரையிடம் பட்லராக இருந்த அவருடைய முன்னோர் கந்தப்பன், தம் வீட்டில் காத்துவைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைத் துரையிடம் கொடுத்தார், துரை அதை எல்லிஸ் துரையிடம் சேர்த்தார் என்கிறார். தமிழ்ப் படிப்பாளிகளுக்கு எல்லிசைத் தெரியும். சுவடியைக் கொடுத்த பட்லரை? பேரன் ஒருத்தர் பத்திரிகை நடத்தி எழுதி வைத்ததால் மட்டும்தான் அந்தப் பெயர் பிழைத்தது. பட்லருக்கும் துரைக்கும் இருந்ததைவிட நெருங்கிய உறவு எது? தினம் சோறு போட்டவர், உடம்புக்கு என்ன ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்தவர். அந்த நெருக்கத்தில் ஒரு பொருள் கைமாறினால் கொடுத்தவன் பெயர் உதிர்ந்துவிடும், வாங்கினவன் பெயர் நிற்கும்.

கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பை இருக்கிறது. ஆலுக் குறும்பர்களின் ஊர். வேங்கை மரத்துப் பாலிலும் இலைச் சாற்றிலும் மண்ணிலும் அவர்கள் தீட்டுகிற ஓவியம் இன்று வெளியே பேர் வாங்கியிருக்கிறது. பாறையிலும் சுவரிலும் இருந்தது, காகிதத்துக்கு வந்து, சென்னைக்கும் அதற்கு அப்பாலும் போகிறது. தேன் எடுப்பது, ஆட்டம், கோயில் என்று சின்னச் சின்ன உருவங்கள். அவர்கள் பழங்குடிகள், நம் கதையும் அவர்கள் கதையும் ஒன்றல்ல, ஒன்று என்று சொல்லி அவர்கள் முதுகில் ஏற நான் தயாரில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சூனியக்காரன் என்று சொல்லி இந்தக் குறும்பர்களை வீடு புகுந்து கொன்ற சம்பவங்கள் 19ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரன் ஆவணங்களிலேயே இருக்கின்றன. இன்றைக்கு அந்த ஓவியத்தை வாங்கி மாட்டுகிறவர் ‘இதுல ஏதோ ஒரு மர்மம் இருக்கு, மந்திரம் இருக்கு’ என்று சிலிர்க்கிறார். அன்றைக்குக் கொன்றவன் கண்ணும் இன்றைக்குச் சிலிர்க்கிறவர் கண்ணும் அந்த மனுசனிடம் ஒன்றைத்தான் தேடுகின்றன. ‘உன் கதையைச் சொல்லு’ என்று கேட்கிறபோது, எந்தக் கதை வேண்டும் என்று கேட்கிறவர் ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டுத்தான் கேட்கிறார். குறும்பனிடம் மந்திரம், தேயிலைக்காரியிடம் சோகம். சிரிக்கிற தேயிலைக்காரியை வரைந்து ஒருத்தி எடுத்துப் போகட்டும், பார்க்கலாம்.

இதெல்லாம் சின்ன மனவருத்தங்கள், இதற்காகப் பட்டினி கிடக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அவர்களுக்காக ஜங்கட் சிங் சியாமின் கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது.

மத்தியப் பிரதேசத்தில் பாட்டன்கட் என்ற கிராமம். ஜங்கட் பர்தான் கோண்டு இனத்தவர். பர்தான்கள் பரம்பரையாகப் பாடகர்கள். குறித்த காலத்துக்கு ஒருமுறை தங்கள் கோண்டுப் புரவலர்களின் வீடுகளுக்குப் போய், பானா என்ற நரம்பு வாத்தியத்தை மீட்டி, பெரிய தேவனின் கதையையும் வீட்டுக்காரரின் வம்சத்தையும் பாடி, தானியமும் மாடும் வாங்கி வருவார்கள். அதாவது, வாங்குகிறவரோடு உறவு வைத்துப் பிழைப்பது அவர்களுக்குக் குலத்தொழில். அந்த உறவு தேய்ந்து வறுமை வந்த காலத்தில், 1980களின் தொடக்கத்தில், போபால் பாரத் பவனுக்காக ஓவியர் ஜெ. சுவாமிநாதன் அனுப்பின ஆட்கள் இந்த இளைஞன் சுவரில் வரைந்ததைப் பார்த்தார்கள். போபாலுக்கு அழைத்துவந்தார்கள். பாடல்களில் இருந்த தெய்வங்களும் விலங்குகளும் புள்ளியும் கோடுமாக ஜங்கட்டின் கையில் காகிதத்தில் இறங்கின. அதுவரைக்கும் அப்படி ஒரு ஓவியம் உலகத்தில் இல்லை. மத்தியப் பிரதேசச் சட்டமன்றக் கட்டடத்தில் அவர் சுவரோவியம் இருக்கிறது. 1989இல் பாரீஸில் நடந்த பெரிய கண்காட்சியில் அவர் படைப்பு இருந்தது. தன் சொந்தபந்தத்துப் பிள்ளைகளைப் போபாலுக்கு வரவழைத்துத் தொழில் கற்றுக்கொடுத்தார். இன்று கோண்டு ஓவியம் என்று உலகம் சொல்வது அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து கிளம்பியது.

ஜப்பானில் நீகாத்தா பகுதியில் மிதிலா அருங்காட்சியகம். இந்திய ஓவியங்களைச் சேர்க்கிற இடம். ஓவியர்களை வரவழைத்து, அங்கேயே தங்கவைத்து வரையச் சொல்வது அதன் வழக்கம். உறவு என்றால் அதைவிட நெருங்கின உறவு ஏது, வாங்குகிறவர் வீட்டிலேயே தங்கி வரைவது! ஜங்கட் 2001இல் அங்கே இருந்தார். தங்கும் காலம் நீட்டிக்கப்பட்டது. ஊர் திரும்பவேண்டும் என்ற தவிப்பு வீட்டுக்கு அவர் எழுதிய கடிதங்களில் தெரிந்தது. ஜூலையில் அங்கேயே தூக்கில் தொங்கினார். நாற்பது வயதுகூட அன்றைக்கு ஆகவில்லை. என்ன நடந்தது என்று விசாரிக்கவேண்டும் என்று இந்திய ஓவியர்கள் குரல் கொடுத்தார்கள். ஒரு சாவுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், அருங்காட்சியகத்தின் மேல் பழி எழுதுவது என் வேலை அல்ல. என் கேள்வி சாவுக்கு முந்தின கேள்வி. இவ்வளவு பெரிய கலைஞன், பாரீஸ் பார்த்தவன், தூர தேசத்தில் தனியாக உட்கார்ந்து வரையப்போகிறபோது அவன் கையில் இருந்த ஒப்பந்தம் என்ன? ஒரு படத்துக்கு என்ன விலை, எத்தனை நாள், எப்போது திரும்பலாம், திரும்பவேண்டும் என்றால் யாரிடம் சொல்வது? அன்பு இருந்தது, மரியாதை இருந்தது, அழைப்பு இருந்தது என்கிறார்கள். இருக்கட்டும். நள்ளிரவில் ‘எனக்கு வீட்டுக்குப் போகணும்’ என்று தோன்றுகிறவனுக்கு அன்பு என்ன செய்யும்? தேதி போட்ட ஒரு தாள் செய்யும்.

சரி, உறவே நஞ்சு என்று நான் சொல்கிறேனா? இல்லை. பீகாரில் மதுபனிப் பக்கம் ஜிதவார்பூரில் நடந்ததையும் பார்க்கவேண்டும். மிதிலை ஓவியம் பார்ப்பன, காயஸ்தப் பெண்களின் கல்யாண அறைச் சுவரில் இருந்தது. 1966, 67 வறட்சியின்போதுதான் காகிதமும் காசும் வந்தது. அதுவும் அவர்கள் கைக்கே போனது. துசாத் என்ற தலித் சாதிப் பெண்கள் வெளியே நின்றார்கள். 1970களில் எரிகா மோசர் என்ற ஜெர்மன் மானுடவியலாளர் அந்தப் பெண்களிடம் போய், நீங்களும் வரையுங்கள் என்றார். அவர்களுக்குக் கல்யாண அறை ஓவியம் வரவில்லை. சானோ தேவி என்ற பெண் தங்கள் உடம்பிலேயே இருந்ததை எடுத்தார். பச்சைக்குத்து. கை காலில் குத்தியிருந்த புள்ளியும் கோடும் காகிதத்துக்கு வந்தன. ராமனையும் சீதையையும் விட்டுவிட்டுத் தங்கள் வீரன் ராஜா சல்ஹேஸின் கதையை வரைந்தார்கள். ஒருத்தி கற்று இன்னொருத்திக்குச் சொல்லி, தெருவே வரைந்தது. வெளியே இருந்து வந்த ஒருத்தியோடு உறவு ஏற்பட்டதால்தான் அந்தக் கதவு திறந்தது, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் கதவு திறந்ததும் உள்ளே போனது ஒருத்தி அல்ல, ஒரு தெரு. தட்டை ஏந்தி நிற்க எங்க லயன் பொண்ணைத் தனியாகக் கூப்பிடலாம். ஒரு தெருவையே கூப்பிட்டு நிற்கவைக்க எந்தப் பங்களாவுக்கும் ஹால் போதாது.

நம் தமிழ்நாட்டிலேயே ஒரு உதாரணம் உண்டு. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். ஓவியம் மட்டும் விற்றால் அடுப்பு எரியாது என்று அந்த இளைஞர்களுக்குத் தெரிந்திருந்தது. கூடி பாத்திக் துணி செய்தார்கள், கைவினைப் பொருள் செய்தார்கள், விற்றார்கள், அந்தக் காசைப் போட்டு ஏறத்தாழ பத்து ஏக்கர் மணல் நிலத்தை வாங்கினார்கள். யார் தயவிலும் இல்லை. வெளிநாட்டுக்காரனும் தூதரகத்துக்காரனும் படம் வாங்க வேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு அங்கே வரவேண்டும். வந்தார்கள், பேசினார்கள், பழகினார்கள், உறவும் வளர்ந்தது. வீட்டுக்காரன் நாற்காலியில் ஓவியன் உட்கார்ந்திருந்தான், வந்தவன் பேசிக்கொண்டு நின்றான். அந்தப் பத்து ஏக்கரில் சேரியிலிருந்து எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது, இன்னொரு நாள் கேட்பேன். ஆனால் முறையை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். முதலில் நிலம், அப்புறம் உறவு.

பத்து ஏக்கருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அருவங்காட்டில் ஒரு அறை போதும். வரைகிற நாலு பிள்ளைகள் சேர்ந்து வாடகைக்கு எடுக்கட்டும். சுவரில் படம், படத்துக்குப் பக்கத்தில் விலை எழுதின சீட்டு. பங்களாக்காரர் வரட்டும், ஸ்டாஃப் காலேஜ் ஆபீசர் வரட்டும், ரயிலில் இறங்கி வரட்டும். நாற்காலி போடுவோம், டீயும் கொடுப்போம். குடிக்கிறாரா என்று பார்ப்போம். பேரம் பேசினால், எழுதின விலைதான் என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள், ஒருத்தி தனியாக நின்று கூச்சப்பட வேண்டியதில்லை.

அப்புறம் சட்டம். நம் ஓவியர்களிடம் இதைப் பேசுகிற ஆளே இல்லை, பயிலரங்கு நடத்துகிறவர்களும் பேசுவதில்லை. 1957ஆம் வருசத்துக் காப்புரிமைச் சட்டம் ஓவியனுக்கும் பொருந்தும். படத்தை விற்றால் விற்றது அந்தத் துணியும் சட்டமும்தான். அதை நாள்காட்டியில் அச்சடிக்கவும் ரிசார்ட் விளம்பரத்தில் போடவும் உரிமை வரைந்தவளிடமே இருக்கிறது, அவள் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தாலொழிய அது போகாது. இங்கேதான் உறவு ஒரு பொறி வைத்திருக்கிறது. ‘எனக்காக ஒண்ணு வரைஞ்சு குடேன்’ என்று கேட்கிறார் பாருங்கள், அப்படி ஒருவர் கேட்டு, காசும் கொடுத்து வரையப்பட்ட ஓவியத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், காப்புரிமையின் முதல் சொந்தக்காரர் கேட்டவர்தான். 17ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. பங்களா அம்மாவுக்கு இது தெரிந்திருக்காது. நமக்கும் தெரியாது. அவருக்குத் தெரியாமலேயே அவருக்குச் சாதகம், நமக்குத் தெரியாமலேயே நமக்குப் பாதகம். இந்த நாட்டில் முக்கால்வாசி விசயம் இப்படித்தான் நடக்கிறது. ஆகவே கேட்டு வரைகிற படம் என்றால் ஒரு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும்: காப்புரிமை வரைந்தவருடையது. அவ்வளவுதான், வக்கீல் வேண்டாம்.

53ஏ என்று ஒரு பிரிவு, 1994இல் திருத்தம் கொண்டுவந்து 1995 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. முதலில் வாங்கினவர் பிற்பாடு அந்த மூலப் படத்தைப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் விற்றால், அந்த விலையில் வரைந்தவருக்கும் அவர் வாரிசுக்கும் பங்கு கேட்க உரிமை உண்டு. பங்கு பத்து சதவீதத்துக்கு மேல் போகாது. ஆனால் காப்புரிமையின் முதல் சொந்தக்காரராக வரைந்தவர் இருந்திருக்கவேண்டும். கேட்டு வரைந்த படமாக இருந்து, ஒரு வரி எழுதாமல் விட்டிருந்தால் இதுவும் போச்சு. பத்து சதவீதம் என்ன பெரிய காசு என்கிறீர்களா? எம்.எஃப். உசேனின் கிராம யாத்திரை என்ற ஓவியத்தை 1954இல் தில்லியில், நார்வேயிலிருந்து வந்த ஒரு மருத்துவர் வாங்கினார். 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் அது சுமார் 118 கோடி ரூபாய்க்குப் போனது. நியூயார்க் ஏலத்தை நம் நாட்டுச் சட்டம் எட்டிப் பிடிக்காது, உசேனும் 2011இல் போய்விட்டார். ஆனால் விலை எங்கே ஏறுகிறது என்று பாருங்கள். வரைந்தவன் கையை விட்டுப் போன பிறகுதான் ஏறுகிறது. நம் பிள்ளை 4,000க்கு விற்றது நாளைக்கு 40,000க்குக் கைமாறினால் யாரிடம் போய்ப் பங்கு கேட்பது? யார் வாங்கினார், எப்போது, என்ன விலை என்று நோட்டில் இருந்தால் கேட்கலாம். வாங்கினவர் பெயரையும் விலாசத்தையும் எழுதிவை என்று பயிலரங்கில் சொன்னார்களே, அந்த நோட்டு உண்மையில் எதற்கு உதவும் என்றால் இதற்குத்தான். கல்யாண நாள் வாழ்த்துக்கு அல்ல.

பூச்சாடி விசயத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வரைந்தவளே மாற்றிக் கொடுத்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வாங்கினவர் தன் இஷ்டத்துக்குச் சிதைத்தால் 57ஆம் பிரிவு கேட்கும். அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தைத் தில்லி விஞ்ஞான் பவனிலிருந்து 1979இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். சேகல் வழக்குப் போட்டார். 2005இல் தில்லி உயர்நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பிக் கொடு, 5 லட்சம் நட்டஈடு கொடு என்று அரசாங்கத்துக்கே உத்தரவு போட்டது. காசு கொடுத்து வாங்கிவிட்டதால் மட்டும் எதையும் செய்யலாம் என்பதில்லை. இருபத்தாறு வருசம் நடக்கத் தெம்பு வேண்டும் என்பது வேறு விசயம்.

கடைசியாக நம் சனத்திடம் ஒன்று கேட்கவேண்டும், கோபப்படாமல் கேளுங்கள். பங்களாக்காரனைத் திட்டினால் கை தட்டுவீர்கள். நம் பிள்ளைகள் வரைகிற படத்தைக் காசு கொடுத்து வாங்கின நம் ஆள் அருவங்காட்டில் எத்தனை பேர்? ஏப்ரல் 14 வந்தால் பேனர் எழுதித் தரச் சொல்கிறோம், ‘நம்ம தம்பிதானே, சும்மா எழுதுவான்’ என்கிறோம். நம்ம பொண்ணு என்று பங்களா அம்மா சொன்னதற்கும் நம்ம தம்பி என்று நாம் சொல்வதற்கும் என்ன வித்தியாசம், ஒருத்தர் சொல்லுங்கள். இயக்கப் பத்திரிகைகளையும் சேர்த்துத்தான் கேட்கிறேன், அட்டைப்படம் வரைந்தவருக்கு ஒரு நூறு ரூபாயாவது போய்ச் சேர்ந்ததா? பாக்டரியில் போனஸ் போடுகிற வாரம் டிவியும் பைக்கும் தவணையில் வருகிறது. சுவரில் மாட்ட ஊட்டியிலிருந்து அச்சடித்த அருவிப் படம் வருகிறது, நம்மூரிலேயே அருவி இருக்கும்போது.

அந்த லயன் பொண்ணு இப்போது அதே வீட்டை மறுபடியும் வரைந்து முடித்திருக்கிறாள். ஸ்டவ், பாய், கூடை, பாட்டி சட்டை, சுவரில் அம்பேத்கர். இந்தத் தடவை படம் சுவரிலிருந்து கொஞ்சம் பெரிதாகவே வெளியே வருகிறது. விலை 6,000 ரூபாய் என்று அவளே எழுதி ஒட்டியிருக்கிறாள். மூன்று தவணையில் கொடுக்கலாம். பில் உண்டு.